மகரந்தத்தாள் அமைப்புச் சொற்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிவது

மகரந்தத்தாள் என்பது பூவின் ஆண் உறுப்பு: ஒரு கம்பி, அதன் நுனியில் மகரந்தப் பை. கம்பிகள் எத்தனை கட்டாக ஒட்டியிருக்கின்றன என்பதை வைத்து ஒரு கற்றை, இரு கற்றை, பல கற்றை என்று ஒப்பித்துவிடலாம். பாளையங்கோட்டைப் பக்கத்துச் செடிகளில் வருடக்கணக்காக வைத்துப் பார்த்தால்தான் எந்தச் சொல் கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பிடிபடும்.

‘ஒரு கற்றை’யில் சிக்கல் குறைவு. பூவரசிலும் செம்பருத்தியிலும் மகரந்தக்கம்பிகள் குழாயாக ஒட்டிச் சூலகத்தண்டைச் சுற்றி நிற்கும், லென்ஸே வேண்டாம். ‘இரு கற்றை’க்கு அகத்திப்பூ. கசக்கும் என்று சமைக்கும்முன் கிள்ளி எறிகிற நரம்பைப் பிரித்துப் பாருங்கள்: 9 கம்பிகள் ஓர் உறையாக ஒட்டியிருக்கும், பத்தாவது கொடியிதழ் (பூவின் பெரிய மேலிதழ்) பக்கம் தனியே கிடக்கும்.

வினை இங்கேதான் தொடங்கும். அவரை இனத்துப் பூ என்றாலே இரு கற்றை என்று எழுதிவிடுவார்கள். அதே இனத்துக் கிலுகிலுப்பைச் செடியில் 10 கம்பிகளும் ஒரே கற்றை; உறை மேற்புறம் பிளந்திருப்பதால் கண் ஏமாறும். அடிப்பகுதியை ஊசியால் விலக்கினால் ஒட்டு தெரியும். நீளப் பையும் குட்டைப் பையும் மாறி மாறி வருவது இன்னொரு அடையாளம். 1753-இல் தாவர வகைப்பாட்டின் முன்னோடி லின்னேயஸே இதை இரு கற்றை வகுப்பில்தான் வைத்தார். நம்மைக் குறை சொல்லி என்ன! ஆவாரையிலோ பத்தும் தனித்தனி, மேலுள்ள 3 மலடு, அதாவது மகரந்தம் தராதவை. வளமானதையும் மலட்டையும் பிரித்தே எண்ணுங்கள். முருங்கையிலும் 5 வளம், 5 மலடு.

பைகள் மட்டும் ஒட்டிக் கம்பிகள் தனியாக நிற்பதற்கு வெட்டுக்காயப் பூண்டு. ஒரே பூவாகத் தெரிவது உண்மையில் பல சிறு பூக்களின் கொத்து; அதன் ஓரத்துப் பூக்களில் மகரந்தத்தாளே கிடையாது, நடுப்பூவை எடுக்கவேண்டும். அதிலும் அப்போதுதான் விரிவதாகப் பார்த்து, பிளேடால் நெடுக்கே கீறி, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். முற்றினால் பைக்குழாய் சுருங்கிவிடும்.

இதழோடு ஒட்டியதா என்பதற்கு லென்ஸ் தேவையில்லை. ஊமத்தைக் குழலை உருவினால் 5 தாள்களும் கூடவே வரும். தும்பையும் அப்படித்தான், அதில் 2 நீளம், 2 குட்டை. தொப்பிபோல் கவிந்த மேல் இதழை விலக்காமலும், மொட்டிலும் அந்த நீளத்தை ஒப்பிடாதீர்கள்.

புளியங்குடி எலுமிச்சை பல கற்றைக்குப் போதும். கற்றை எண்ணிக்கை பூவுக்குப் பூ மாறும், குறிக்க வேண்டாம்.

அழுத்தி உலர்த்திய மாதிரியில் தனிக் கம்பிகளும் ஒட்டியதுபோலத் தோன்றும். வெந்நீரில் இளகும்வரை ஊறவைத்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. பூ வாடுமுன்னே குறிப்பெழுதிவிடுவதே உத்தமம்.