ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்க நினைக்கும் வேலூர் வட்டார விவசாயிகளுக்கு: சரிவில் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாதுமலையின் அடிவாரத்தை ஒட்டி, எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பும் அதற்குக் கீழே முள்கத்தரி போடும் ஒன்றரை ஏக்கர் கொல்லையும் இருக்கின்றன. தோப்பின் மேல்பகுதிக்கு டிராக்டர் ஏறாது. நடுவே ஒரு கானாறு குறுக்கிடுகிறது, அதைத் தாண்டினால் பாதை நான்கடி அகலத்துக்கு மேல் இல்லை. உர மூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் மேலே போக வேண்டும், மாங்காய்க் கூடைகள் கீழே இறங்க வேண்டும். இந்த வேலைக்கும், ஓய்வு நாட்களில் நண்பர்களோடு ஒடுகத்தூர், பீஞ்சமந்தைப் பக்கம் மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கும் சேர்த்து ஒரு ஏ.டி.வி. வாங்குவது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். அந்த முடிவு தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு வண்டிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் ஏமாந்தேன்.

முதல் வண்டி போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு டிராக்டர் வகையில் பதிவு செய்து சாலையில் ஓட்டத்தக்கதாக, 7.99 லட்சம் ரூபாய் விலையில் வெளியான வண்டி அது. 567 சிசி இன்ஜின், தேவைப்படும்போது நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்பு. பெங்களூரில் ஒருவர் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றோடு அதை 6,20,000 ரூபாய்க்கு விற்கவிருந்தார். இரண்டாவது, இராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு விற்பனைக் கூடத்தில் நின்றிருந்த இறக்குமதி வண்டி. வழக்கு நடப்பதால் கூடத்தின் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. அதன் பக்கவாட்டில் 500 என்று ஒட்டியிருந்தார்கள். விலை 4,60,000 ரூபாய். பதிவுச் செலவு என்று தனியாக 35,000 ரூபாய் கேட்டார்கள்.

நானும் என் பெரியப்பா மகனும் ஒரு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டோம். சிசி எவ்வளவு, முன் கேரியர் எத்தனை கிலோ தாங்கும், பின் கேரியர் எத்தனை கிலோ, டிரெய்லரில் எவ்வளவு இழுக்கும் என்பவையே எங்கள் கேள்விகளாக இருந்தன. கூடத்து விற்பனையாளரோ ஒவ்வொரு கேள்விக்கும் தம் வண்டிக்குச் சற்றே கூடுதலான ஓர் எண்ணைச் சொன்னார். அந்த 570 வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன இழுவை ஏறத்தாழ 556 கிலோ. இவர் 600 கிலோ என்றார். எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருந்தால் அங்கேயே உண்மை தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்ததும் அந்தக் கூடத்தின் சிமெண்ட் தரையில், சுமையில்லாமல், ஐந்து நிமிடம் மட்டுமே. மீட்டரில் நான்கு சக்கர இயக்கத்துக்கான விளக்கு எரிந்ததைக் காட்டினார், நம்பி அந்த வண்டியையே வாங்கினோம்.

வண்டியை ஒப்படைத்த அன்று அவர் சொன்ன ஓர் அறிவுரைதான் பின்னால் பெரிய நஷ்டத்துக்குக் காரணமானது: "எல்-ல போட்டா பெட்ரோல் குடிக்கும் சார், எப்பவும் எச்-லயே ஓட்டுங்க." இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் கியருக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது, வேகத்துக்கேற்பக் கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் இழுவையை மாற்றுகின்றன. சுமையோடு மெதுவாக மேடு ஏறும்போது 'எச்' எனும் அதிவேக நிலையில் வைத்திருந்தால், பெல்ட் கப்பியைப் பிடிக்காமல் வழுக்கி, சூடேறி, பளபளத்துப் போய் இறுதியில் அறுந்துவிடும். 'எல்' என்பது அந்தச் சூழலுக்கென்றே வைத்த, வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை. இதை நான் அறிந்துகொண்டபோது பெல்ட் அறுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாவது வாரம், பின் கேரியரில் மூன்று கூடை மாங்காயோடு கானாற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். காலையில் மேலே ஏறியபோதே ரப்பர் கருகிய நாற்றம் வந்திருந்தது. புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இறக்கத்தின் நடுவில் பெல்ட் அறுந்தது. பெல்ட் அறுந்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அந்த நொடியோடு போய்விடும் என்பதால், பிரேக்கை மட்டும் நம்பி, கடைசியில் வண்டியை வரப்பில் மோதவிட்டுத்தான் நிறுத்த முடிந்தது. தோளில் அடி, கூடைகள் கானாற்றில். என் பின்னால் என் மகன் உட்கார்ந்து வருவதாக இருந்தது, அன்று பள்ளி இருந்ததால் வரவில்லை. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை ஓட்டுபவர் ஒருவருக்காக மட்டுமே அமைக்கப்பட்டவை என்பதையும் விற்பனையாளர் சொல்லவில்லை. இருவர் தாராளமாகப் போகலாம் என்றே சொன்னார்.

காட்பாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை ஏற்றி நிறுத்திப் பார்த்தார். "இன்னாண்ணா இது, முன்னாடி போற ஷாஃப்டே இல்லியே" என்றார். இன்ஜினிலிருந்து முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு கழற்றப்பட்டு, அந்த இடம் ஒரு தகட்டால் மூடப்பட்டிருந்தது. சுவிட்சும் விளக்கும் வேலை செய்தன. முன் சக்கரங்களுக்கு விசை போகவே இல்லை. இன்ஜின் மேல் பொறித்திருந்த குறியீட்டின்படி அது 400 சிசிக்கும் குறைவு.

விற்பனைக் கூடத்துக்குப் போனபோது, பெல்ட் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது, நீங்கள் தவறாக ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்கள். 'எச்'சிலேயே ஓட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். அப்படிச் சொன்ன பணியாளர் இப்போது இங்கு இல்லை என்பதே பதில். தண்டு குறித்துக் கேட்டதற்கு, நாங்கள் கொடுக்கும்போது இருந்தது என்றார்கள். ஒப்படைத்த அன்று வண்டியின் அடிப்பகுதியை நான் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. இன்று வழக்கில் என்னை அதிகம் வருத்தும் குறை அதுதான்.

பதிவு விஷயம் இதைவிட மோசம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 39-ஆம் பிரிவின்படி பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பதிவு செய்ய வேண்டுமானால் அந்த வகை வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 வேண்டும், விற்பனைச் சான்றான படிவம் 21 வேண்டும். என் கையில் இருந்ததோ 'விவசாயக் கருவி' என்று மட்டும் எழுதிய, சேஸிஸ் எண்கூட இல்லாத ஒரு ரசீது. அதைக் கொண்டு எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பதிவு நடக்காது. 35,000 ரூபாய் எதற்காக வாங்கினார்கள் என்பதற்கு இன்றுவரை விளக்கமில்லை. வீட்டிலிருந்து தோப்புக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. அந்தத் தூரத்தைக்கூட அந்த வண்டியில் சட்டப்படி கடக்க முடியாது. மலைக்காட்டில் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அவர்கள் சொன்னதும் பொய். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம்.

இன்னொரு சூழ்ச்சியையும் சொல்ல வேண்டும். வரி திரும்பக் கிடைக்கும் என்று ஆசைகாட்டி, என் தம்பியின் இரும்புக்கடை ஜி.எஸ்.டி. எண்ணில் ரசீது போட வைத்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பயன் கிடைக்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனபோது, அவர்கள் தரப்பு முதலில் நீட்டியது அந்த ரசீதைத்தான். இப்போது சிட்டா, அடங்கல் நகல்களை வைத்து இது என் சொந்த விவசாயத்துக்கான வண்டி என்று நிறுவிக்கொண்டிருக்கிறேன். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை.

நீங்கள் வாங்கப் போவது எந்த நிறுவனத்தின் வண்டியானாலும், ரசீதில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வர வேண்டும், அவை வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போக வேண்டும். படிவம் 22-ஐக் கண்ணால் பார்த்த பிறகே பதிவுக்கென்று ஒரு ரூபாயானாலும் கொடுங்கள். பாலாற்று மணலைப் போன்ற இளகிய மணலில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முன் சக்கரங்கள் தாமாக மணலைப் பறிக்கின்றனவா என்று ஒருவரை எதிரே தள்ளி நிற்க வைத்துப் பாருங்கள். உங்கள் வழக்கமான சுமையை ஏற்றி, 'எல்' நிலையில் ஒரு மேடு ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். போலாரிஸ் வெளியான விலையோடு பார்த்தால் இந்த வண்டி மூன்று லட்சத்துக்குமேல் குறைவு என்று நினைத்தே நான் அந்த ஆர்.சி. இருந்த வண்டியைக் கைவிட்டேன். கையிலிருந்த விலைகளின்படி பார்த்தால் பதிவுச் செலவும் சேர்ந்து வித்தியாசம் 1,25,000 ரூபாய்தான்.

வழக்கு முடியும்வரை வண்டியைப் பழுதுபார்க்கவோ விற்கவோ கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் அது தார்ப்பாயின் கீழே கொட்டகையில் நிற்கிறது. இந்த ஆண்டு மேல்தோப்பு மாங்காய் முழுவதும் தலைச்சுமையாகவே இறங்கியது.