தொங்கு பந்து: கடையில் வாங்குவதா, காலுறையில் கட்டுவதா?

கிரிக்கெட்டில் தனியே அடித்துப் பழகத் தொங்கவிடும் பந்து இது. மட்டக்களப்பு நகரத்தில் கிடைக்கும் கயிறு கோத்த தோல்பந்தைப் பெண்பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். பந்து தரமானதுதான், ஆனால் அது ஆண்களுடையது: 155.9 முதல் 163 கிறாம். மகளிர் பந்து 140 முதல் 151 கிறாம்தான், சுற்றளவிலும் சிறியது. எந்தப் பந்தையும் தராசில் வைத்துப் பார்த்தே எடுங்கள்.

அடுத்த குறை துளை. நடுவால் துளைத்து, கீழே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மட்டை முடிச்சில் பட்டுப் பட்டு அது பிய்கிறது. துளையின் விளிம்பு நைலோன் கயிற்றை அறுக்கிறது. மாரியில் வெளியே விட்டால் துளைவழி ஈரம் இறங்கித் தக்கை ஊதும், தையல் விடும்.

இதைவிட நல்ல வழி அவுஸ்திரேலிய மகளிர் கிரிக்கெட் வீராங்கனை பெற்றி வில்சனுடையது. மெல்பேர்னில் 1921இல் பிறந்த அவர், காலுறைக்குள் பந்தைப் போட்டு உடுப்புக் கொடியில் தொங்கவிட்டு அடித்துப் பழகியவர். இரண்டாம் உலகப் போரால் தாமதித்து 1948இல்தான் முதல் டெஸ்ட் ஆடினார். அதிலேயே 90 ஓட்டங்கள், 10 விக்கெட்டுகள். 11 டெஸ்டுகளில் 862 ஓட்டங்கள், சராசரி 57.46. சுழற்பந்தில் 68 விக்கெட்டுகள், சராசரி 11.80. 1958இல் மெல்பேர்னில் அவுஸ்திரேலியா 38 ஓட்டங்களுக்குச் சுருண்டபின், 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 35இல் மடக்கினார். அதில் ஹட்ரிக்கும் (அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்) உண்டு. இரண்டாம் இன்னிங்ஸில் சதமும் அடித்தார். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர். ஆண்களில்கூட அதற்குமுன் எவருமில்லை! நம் பிள்ளைகள் அறியவேண்டிய பெயர்.

கட்டும் முறை: மகளிர் பந்தை நீளமான நைலோன் காலுறை இரண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, பந்துக்கு மேலே இறுக்கி முடியுங்கள். உடுப்புக் கொடி தாழ்ந்து ஆடும். மாமரக் கிளையில் கயிற்றால் தொங்கவிடுவது நல்லது. கயிறு 2 மீற்றருக்குக் குறைந்தால் பந்து சட்டெனத் திரும்பி முகத்துக்கு வரும். எப்படியும் தலைக்கவசம் வேண்டும். முன்காலில் ஆடுவதற்குப் பந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், பின்காலுக்கு இடுப்பளவு. நேர்மட்டையில் பட்ட பந்து போன வழியே திரும்பும்; வட்டம் போட்டால் மட்டையின் முகம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஓங்கி அடித்தால் கயிறு கிளையில் சுற்றிக்கொள்ளும்.

கச்சான் வீசும் காலத்தில் வீட்டின் கிழக்குப் பக்கம் கட்டுங்கள், சுவர் காற்றை மறைக்கும். பந்து எங்கே குத்தி எப்படி எழும்பும் என்பதைத் தொங்கு பந்து பழக்காது. அதற்கு எறிந்து கொடுக்க ஒருவர் வேண்டும். காலுறையின் அடி நைந்ததும் மாற்றுங்கள், பந்தையும் இடைக்கிடை திருப்பிப் போடுங்கள்.