பெண்ட்லி இன்டென்ஸ்: வண்ணாரப்பேட்டைப் புழுக்கத்தில் இரண்டரை ஆண்டுகள்

பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன் என்பதால், ‘லெதர்’ என்று அச்சிட்ட எந்த சென்ட் புட்டியையும் நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் திறப்பேன். ‘பெண்ட்லி ஃபார் மென் இன்டென்ஸ்’ புட்டியையும் அப்படித்தான் திறந்தேன். கோடிக்கணக்கில் விலை சொல்லும் காரின் பெயரைத் தாங்கிய 100 மி.லி. புட்டி எனக்கு 2,600 ரூபாய்க்குக் கிடைத்தது. கார் செய்கிறவர்களே இதையும் தயாரிப்பதாக எண்ண வேண்டாம். பெயருக்கான உரிமத்தைப் பெற்று இதை விற்பது லாலிக் குழுமம். 2013இல் வெளிவந்த இந்த மணத்தை அமைத்தவர் நத்தலி லோர்சோன் என்ற பிரெஞ்சுக் கலைஞர்.

அடித்தவுடன் மூக்கில் ஏறுவது மிளகும் ரம்மும்தான். கால் மணி நேரத்தில் அந்தக் காரம் அடங்கி, வெள்ளிக்கிழமை மாலையில் தணல் மேல் தூவிய சாம்பிராணி பாதி எரிந்து கிடப்பதைப் போன்ற இனிப்பான புகை எழுகிறது. தோல் மணம் அதற்கும் பிறகு, ஏறக்குறைய இரண்டாம் மணி நேரத்தில்தான் வருகிறது. பதனிடாத தோலின் வீச்சமோ குரோம் உப்பில் பதனிட்ட ஈரத்தோலின் நெடியோ இதில் இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டு உலர்த்திய தோலைக் கட்டுப் பிரிக்கும்போது வரும், மரப்பட்டையின் துவர்ப்புக் கலந்த வாசம்தான் இதற்கு மிக அருகில் வருகிறது. பொதுவாகவே வாசனைத் திரவியங்களில் வரும் தோல் மணம் தோலிலிருந்து எடுக்கப்படுவதில்லை. பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுக்கும் தார், லப்டானம் என்ற செடியின் பிசின், சில செயற்கை வேதிப்பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு கட்டியெழுப்பப்படுவது. இது தெரிந்திருந்தும், முதல் வாரத்தில் இரண்டு முறை என் சட்டைக் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

முதல் கோடையில் நான் செய்தது சுத்த மடத்தனம். சித்திரை வெயிலில் ஐந்து முறை அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னா நைனா, காலீலயே ஊத்திக்கினு வந்துட்டியா?” என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை. வியர்வையும் புழுக்கமும் சேரும்போது முதலில் எழும் அந்த ரம் மணம் சாராய நெடியாகத்தான் பிறருக்குப் போய்ச் சேர்கிறது. மண்ணடியில் வாங்கும் அத்தர், ஆல்கஹால் இல்லாத எண்ணெய் என்பதால், உடம்போடு ஒட்டி அமைதியாக இருக்கும். இதுவோ உடல் சூடேறினால் நான்கடி தூரம் முன்னால் நடந்து போகிறது. அன்று முதல் பங்குனி தொடங்கி ஆவணி முடியும்வரை பகலில் இதைத் தொடுவதில்லை. மழைக்காலத்திலும் மார்கழிக் காலையிலும் பனியனுக்கு உள்ளே மார்பில் இரண்டே அடி. காலை ஏழு மணிக்கு அடித்தது மாலை நான்கு வரை நிற்கிறது, சட்டைக் காலரில் மறுநாள் துவைக்கப் போடும்போதும் மிச்சம் இருக்கிறது.

இடையில் பாதி விலை என்றதும் ஆசைப்பட்டு ஒரு கடையில் வாங்கிய இரண்டாவது புட்டி போலி. திரவத்தின் நிறம் வெளிறியிருந்தது, மணம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அட்டைப்பெட்டியில் இருந்த பேட்ச் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) புட்டியின் அடியில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை. வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி என்பதால் புட்டியை அலமாரியில் வைக்காமல், பீரோவின் கீழ்த்தட்டில் அதன் அட்டைப்பெட்டியோடு துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். இதுவரை மணம் திரியவில்லை. ஓர் அடிக்குத் தோராயமாக 0.1 மி.லி. செலவாகிறது என்று வைத்தால், இதுவரை தீர்ந்த முக்கால் புட்டிக்கு, இரண்டு அடி அடித்துக்கொண்ட நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம்தான் விழுந்திருக்கிறது. பெரியமேட்டில் ஒரு டீயே அதைவிட அதிகம். மீதிக் கால் புட்டி தீர்ந்தாலும் அடுத்ததை ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் வாங்குவேன்.