மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில்: பாம்பனிலிருந்து போய் வந்தோம்

பாம்பன் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு ரயிலில் என்ன அதிசயம் என்றுதான் நினைத்திருந்தேன். மாமியார் விடவில்லை. தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலுக்கு முன்பு அங்கே ரயில் ஏறிய ஞாபகம் இன்னும் இருக்கிறது அவருக்கு.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு வண்டி. ஜன்னல் சீட்டு என்று சொல்லிக் காசு வாங்கிய ஏஜென்ட், எங்களுக்கு எடுத்திருந்தது நடு சீட்டு. எதிரே இருந்த பையன் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தான். உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது நம்ம பழைய வண்டில்ல?" என்றார். சரிதான், மீட்டர் கேஜ். நம் பக்கம் 2007-ல் அகலப்பாதை வந்தபோது காணாமல் போன அதே குறுகிய பாதை, முட்டியோடு முட்டி இடிக்கும் இருக்கை.

கல்லாறு வரை சாதாரண ரயில்தான். அதற்கப்புறம் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வருகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரம். எஞ்சின் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அதனால் காட்சி வேண்டுமென்றால் முதல் பெட்டி, நீராவிச் சத்தம் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி. எனக்குக் கடைசிதான் பிடித்தது.

குன்னூர் வரை பாதை போட்டது 1899-ல், ஊட்டிக்கு நீட்டியது 1908-ல். நம் பாலம் 1914. பதினைந்து வருஷம் மூத்தது இன்னும் புகை விட்டுக்கொண்டு ஓடுகிறது; 2005-ல் யுனெஸ்கோ பட்டமும் வாங்கிவிட்டது. நம் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். டீ கிடைக்கும். குரங்குகளும் உண்டு, எங்கள் இட்லிப் பொட்டலம் அங்கேயே போனது.

குன்னூரிலேயே இறங்கிவிடலாம் என்பேன். அதற்கு மேல் டீசல் எஞ்சின், பல் பட்டையும் இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், மே மாதம் கிடைப்பது கஷ்டம். சொந்தக்காரருக்குக் கருவாடு கொண்டுபோனால் மூடி இறுகிய தூக்குச்சட்டியில் வையுங்கள். நீலகிரியில் பாலித்தீன் பைக்குத் தடை. எங்கள் துணிப்பை நெத்திலியைப் பெட்டி முழுக்க மோந்தார்கள்.