தந்தியைத் தூக்குவதா, பலகையைச் சீவுவதா? ஊத்தின் கரகரப்புக்கு எந்த வைத்தியம்

தம்பூராவில் குதிரைக்கும் (தந்தியைத் தாங்கும் கட்டை) தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, தந்தி மரத்தை உரசி உரசிப் பாடுவதற்காகவே மெனக்கெடுகிறோம். அந்த ஜீவாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அரபுத் தந்தி வாத்தியமான ஊத்தின் கரகரப்பு குறையாகவே படுவதில்லை. ஷார்ஜாவில் பழைய ஊத் ஒன்றை வாங்கி எட்டு மாதம் வாசித்த பிறகுதான், என் சிரியா ஆசிரியர் அதை வாங்கி ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு நிறுத்தினார். சுரத்தின் ஓரத்தில் "ஜிர்ர்" என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்பின் என் காதுக்கு அது மட்டும்தான் கேட்டது.

வீணையில் ஒரு மெட்டு (தண்டியின் குறுக்கே பதித்த கம்பி) இடித்தால் மெழுகை இளக்கி அந்த மெட்டை மட்டும் சரிசெய்யலாம். ஊத்தில் மெட்டே கிடையாது. விரல் பலகை முழுவதும் ஒரே பரப்பு. தந்தி அதன்மேல் மிகத் தாழ்வாக ஓடுகிறது. அதனால் எங்கே இடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் பல. பெரும்பாலும் தவறான இடத்தில் தவறான வைத்தியம் நடக்கிறது, என் ஊத்துக்கு நடந்த மாதிரி.

முதலில் பலகைமேல் பழி போடாமல் மற்ற இடங்களைப் பாருங்கள். குதிரையில் கட்டிய முடிச்சின் வால் முகப்பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். நுனியை வெட்டினால் சரி. ஒலித்துளையின் பூவேலைத் தகடு விட்டிருக்கலாம். உள்ளே குறுக்குக் கட்டை ஒன்று வஜ்ஜிரப் பசை விட்டுத் தளர்ந்திருக்கலாம். ஒருவர் மீட்ட, இன்னொருவர் அங்கங்கே விரலால் அழுத்திப் பார்த்தால், சத்தம் நிற்கும் இடம் அகப்படும். ஜோடித் தந்திகள் நெருங்கி ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ஜோடியில் ஒன்றை மட்டும் மீட்டிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், ஒரே கேள்விதான். வெறும் தந்தியில் கரகரக்கிறதா, விரல் வைத்த பிறகா?

வெறும் தந்தியில் மட்டும் என்றால் மேரு தாழ்ந்திருக்கிறது. வீணையில் மேரு என்று சொல்கிறோமே, சுருதி சேர்க்கும் பிரடைகளை ஒட்டித் தந்தி ஏறிவரும் அந்த எலும்புத் துண்டைத்தான் சொல்கிறேன். பள்ளம் தேய்ந்திருக்கும். மேருவில் தந்திக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து மீட்டுங்கள். சத்தம் நின்றால் விஷயம் முடிந்தது. மேருவின் அடியில் மெல்லிய மரச் சீவல் வைக்கலாம், அல்லது புது எலும்பு செதுக்கலாம். எனக்குச் சீவலே போதும் என்று படுகிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

விரல் வைத்த பிறகு கரகரத்தால் மேருவைத் தொடவே கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் முதலில் கொடுத்த கடையில், என்னைக் கேட்காமலேயே மேருவை உயர்த்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மீட்டினால் அதே "ஜிர்ர்". கூடவே முதல் விரலுக்கு வலி, மேருவை ஒட்டிய சுரங்கள் எல்லாம் சுருதி ஏறிக் கேட்டன. யோசித்தால் காரணம் சுலபம். விரலை அழுத்தியதுமே தந்தியின் நீளம் விரலிலிருந்து குதிரைவரைதான். விரலுக்குப் பின்னால் மேரு எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன?

மிச்சமிருப்பது குதிரைப் பக்கம். இங்கே கணக்கு நமக்கு எதிராக இருக்கிறது. அரபு ஊத்தில் தந்தி நீளம் சுமார் 61 சென்டிமீட்டர். தண்டியும் குடமும் சேரும் இடம் மேருவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், பஞ்சமம் பேசும் இடத்தில் இருக்கிறது. அதனால் குதிரையில் 0.3 மில்லிமீட்டர் தூக்கினால் அந்தச் சேருமிடத்தில் கிடைப்பது 0.1 தான். மேரு பக்கம் போகப் போக அதைவிடவும் குறைவு. சத்தம் நிற்கும் அளவு தூக்கினால், மேல் ஸ்தாயியில் தந்தியை அழுத்த இரண்டு விரல் பலம் வேண்டும்.

ஆனாலும் குதிரை வழியை ஒதுக்கிவிட மாட்டேன். முகப்பலகையில் ஒட்டிய குதிரை என்றால், கட்டும்போது சுருக்குக்குள் நைலான் துண்டு ஒன்றைச் செருகினால் தந்தி கொஞ்சம் மேலே ஏறும். பசை இல்லை, அரம் இல்லை. ஈராக் பாணி ஊத்தில், ஈராக்கிய ஊத் கலைஞர் முனீர் பஷீர் வாசித்தாரே அந்த வகையில், குதிரை ஒட்டப்படாமல் நிற்கும். அடியில் தக்கை வைப்பது இன்னும் சுலபம். சீசன் மாற்றத்துக்கு இதுதான் சரியான மருந்து. வளைகுடாவில் ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டு முகப்பலகை சற்று உள்வாங்கும். தந்தி தாழும், கரகரக்கும். வெளியே ஈரமான காற்றில் அது மறுபடி எழும்பும். அந்த மாதிரி வந்துபோகும் குறைக்காகப் பலகையைச் சீவுவது பெரிய தப்பு. இரண்டு வாரம் உறைக்குள் ஈரப்பதம் காத்துப் பாருங்கள்.

தந்தியைத் தடிமனாக்குவதும் ஒரு வழி. இழுவை கூடினால் அதிர்வின் வீச்சு குறைகிறது. சோதிக்கக் காசு வேண்டாம்: அரை சுரம் ஏற்றிச் சுருதி கூட்டுங்கள். சத்தம் போய்விட்டால் இந்த வழி பலிக்கும். பழைய ஊத்தின் முகப்பலகை மெல்லியது என்பதால் எல்லாத் தந்தியையும் மாற்றாமல் கரகரக்கும் ஜோடியை மட்டும் மாற்றுவேன்.

இனி சீவுவது. என் ஊத்தில் குறை பலகையில்தான். முன்பு வாசித்தவர் பல வருஷம் ஒரே இடங்களில் அழுத்தி, மேருவிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள் இரண்டு ஜோடிகளின் கீழே குழி விழுந்திருந்தது. குழிக்குள் விரல் இறங்குகிறது; குழியின் குதிரைப் பக்க விளிம்பு தந்தியைத் தட்டுகிறது. தந்திகளைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தபோது ஸ்கேலுக்குக் கீழே பிறைபோல் வெளிச்சம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு.

ஒரு குழி மட்டும் என்றால் கருங்காலித் தூளையும் சூப்பர் க்ளூவையும் குழைத்து நிரப்பலாம். காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்தால் போதும், நன்றாக உழைக்கும். என்னுடையதில் குழிகள் கூடுதல், அதனால் ஒரு மரவேலை தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து சீவினோம். சுண்ணக்கட்டியால் பலகை முழுதும் கோடு போட்டுக்கொண்டு ஸ்க்ரேப்பரை இழுத்தால், மேட்டில் கோடு அழியும், குழியில் தங்கும். கறுப்புச் சீவல் முடிபோல் சுருண்டு விழுந்தது. எல்லாக் கோடும் அழிகிறவரை காத்திருக்கவில்லை. ஆழக் குழிகளில் மெல்லிய கோடு மிஞ்சியபோதே நிறுத்தி அவற்றை நிரப்பிவிட்டோம். மேருவை ஒட்டிய ஒரு விரல் அகலத்தைத் தொடவில்லை. கடை வைத்த தக்கையையும் அன்றே பிடுங்கிவிட்டேன். பலகை கண்ணாடிபோல் நேராக வேண்டியதில்லை. நடுவில் முடியளவு பள்ளம் இருப்பது தந்தி வீசுவதற்கு இடம் கொடுக்கும்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு ஊத்துகளில் பலகை கருங்காலி மாதிரி தெரிவது வெறும் சாயம். ஒரு இழுப்பிலேயே வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்டதில் சீவுவதைவிடத் தடித்த தந்தி போடுவதே நல்லது.

சீவிய மறுநாள் ஆசிரியர் அதே சுரத்தை மீட்டினார், இந்த முறை நிறுத்தாமல் அப்படியே ராஸ்த் மகாமுக்குள் (மகாம் என்பது அரபு இசையின் ராகம் மாதிரி) போய்விட்டார். ஒற்றைத் தந்தியான மந்தர ஸா மட்டும் ஓங்கி மீட்டும்போது இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. அதற்குத் தடித்த தந்தி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வெள்ளிக்கிழமை மாற்ற வேண்டும்.