வெள்ளியங்கிரி இறங்கிய கால்களுக்குக் கோவையில் என்ன கிடைக்கிறது?

டொராண்டோவிலிருந்து கோவைக்கு வந்து, வெள்ளியங்கிரி ஏறி இறங்கி, அதன் பிறகு கால்வலிக்கு வைத்தியம் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மலைக்குப் போக அனுமதி பிப்ரவரியிலிருந்து மே வரை. அந்த மாதங்களில் ஊருக்கு வரும் நம்மவர்களுக்கு இது உதவும்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். கால் போவது இறங்கும்போது. வெள்ளை விநாயகர் கோயில் பக்கத்துப் படிகளில் ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இருக்காது. ஒவ்வொரு படியிலும் முன்தொடைத் தசை உடம்பின் மொத்த எடையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இறுக்கிப் பிடிக்கும் தசை அதே நேரத்தில் இழுபட்டால் அதன் நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். அதன் வலி அன்றைக்கே தெரிவதில்லை. மறுநாள் தொடங்கும் வலி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்மில் சொல்வார்கள். அது இறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தைவிட்டுப் போய்விடும். மறுநாள் வலிக்கு அது காரணமில்லை.

குளிர் வைத்தியம் மலையிலேயே கிடைக்கிறது. வெள்ளியங்கிரி ஏழு மலைகள் கொண்டது. ஏழாவது மலைக்கு முன்னால் ஆண்டி சுனை என்ற நீர்ச்சுனை இருக்கிறது. விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்தால் கால் இரண்டும் புதிதாகக் கிடைத்த மாதிரி இருக்கும். குளிரில் நரம்பின் வேகம் குறைந்து வலி மரத்துப்போகிறது, அவ்வளவுதான். தசையைப் பதம் பார்க்கப்போகும் இறக்கம் முழுக்க அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே சுனையில் குளித்தோம், இனி வலி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வைத்தியர் அத்தைதான். "ஏஞ்சாமி, காலை ஊனவே முடியலையா? குப்புறப் படு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். இரும்பு வாணலியில் கல்லுப்பைப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, ஒரு பிடி நொச்சித் தழையைப் போட்டுப் புரட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து எடுத்துவந்தார். என் காலில் வைக்கும் முன் அந்த முடிச்சைத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுட்டது போல. சற்று ஆறவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் தொடைக்கு வந்தார். சூட்டில் இரத்த ஓட்டம் கூடும், இறுக்கம் தளரும், வலியின் உணர்வைச் சூட்டின் உணர்வு அமுக்கிவிடும். சிதைந்த நார் ஒரே இரவில் கூடிவிடாது. ஆனால் படியிறங்கிக் குளியலறை வரை போக முடிகிறதே, அது பெரிய உதவி.

அப்புறம் ஃபிசியோதெரபி. வீட்டுக்குப் பக்கத்தில் போன முதல் இடம் எனக்கு வருத்தத்தையே தந்தது. என்ன ஆயிற்று, எப்போதிலிருந்து வலி, சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. படுக்கச் சொன்னார்கள், ஹாட் பேக் என்ற வெந்நீரில் சூடாக்கிய ஒத்தடப் பையை வைத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், பத்து சிட்டிங் வர வேண்டும் என்றார்கள். தானாக அடங்கிவிடும் ஒரு வலிக்குப் பத்து சிட்டிங் எதற்கு? கட்டணம் 250 ரூபாய்தான், கனடாவில் ஒரு காபியும் வடையும் சாப்பிடும் காசு. மலிவு என்பதால் அது சரியாகிவிடாது.

இரண்டாவதாகப் போன இடத்தை மனதார மெச்சுகிறேன். கூட மாமாவும் வந்திருந்தார். அவருக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை, முட்டிவலிக்குச் சூடு வைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர். அங்கிருந்த ஃபிசியோ, இளம்பெண், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, ஃபிளைட்ல வந்து எத்தனை நாளாச்சுங்க?" பிறகு, வலி இரண்டு காலிலுமா, ஒரே காலிலா என்று கேட்டார். இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து பார்த்தார். நீண்ட விமானப் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்து வந்தவர்களுக்குக் காலின் உள் நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அதுவும் கெண்டைக்கால் வலியாகத்தான் வரும். அந்தக் காலைப் பிடித்து அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. மலை ஏறியதால் வந்த வலி என்று நாமே முடிவு கட்டிவிட இடமிருக்கிறது என்பதால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு முக்கியம். எனக்கு இரண்டு காலிலும் ஒரே மாதிரி வலி, வீக்கம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டுத்தான் ஹாட் பேக்கைத் தொட்டார்.

அந்தப் பேக் இருக்கும் தொட்டியில் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை ஆறேழு மடிப்புத் துண்டில் சுற்றி வைக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து துண்டை விலக்கித் தோலைப் பார்த்தார். சீராகச் சிவந்திருந்தால் சரி, திட்டுத் திட்டாகச் சிவந்தால் சூடு அதிகம் என்றார்.

மாமாவுக்கு இரண்டு கண்ணாடிக் குழாய்கள் வந்தன. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர். கண்ணை மூடச் சொல்லி, பாதத்திலும் முட்டியைச் சுற்றியும் மாற்றி மாற்றித் தொட்டு, "இது சூடா, சில்லுனு இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முட்டிக்குக் கீழே மாமா பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னார். சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்குச் சூடு சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அது ஆறவும் நாளாகும். அதனால் அவருக்குச் சூடே வைக்கவில்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். மாமாவுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி. வீட்டில் பெரியவர்களுக்கு ஹாட் வாட்டர் பேக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் நாம் எல்லோரும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்யச் சொல்ல வேண்டும்.

ஐஸ் பாத் இப்போது கோவையிலும் வந்துவிட்டது. ஒரு ஜிம்மில் விசாரித்தேன், ஒரு தடவைக்கு 1000 ரூபாய் சொன்னார்கள். 10 முதல் 15 டிகிரித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் தசைவலி ஓரளவு குறையும் என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. ஆனால் எடை தூக்கித் தசை ஏற்ற நினைப்பவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் இதில் இறங்கினால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015-ல் வெளிவந்த 12 வார ஆய்வு ஒன்று காட்டியது. மலை ஏறிவந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

கணுக்கால் பிசகி வீங்கினால் கதை வேறு. அப்போது முதல் ஒன்றிரண்டு நாளைக்குச் சூடும் எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிடம், வலி தணிய மட்டும். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துவது என்ற நான்கையும் 1978-ல் சேர்த்துச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தானே சொல்லிவிட்டார். அவரிடம் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

ஆயுர்வேத இலைக்கிழியும் செய்துகொண்டேன், 1500 ரூபாய். நொச்சி, ஆமணக்கு, புளிய இலை, தேங்காய்த் துருவல் எல்லாம் வதக்கித் துணியில் கட்டிய கிழி. வாசனைக்கே போகலாம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள், மெதுவாக ஒற்றச் சொல்லுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ ஒத்தடம் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாகச் சொன்னது, தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கிளினிக்குகள் மூடியிருக்கும். சனி இரவு ஏறுபவர்கள் திங்கள் மாலைக்கான நேரத்தை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வலியும் அப்போதுதான் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.