மஞ்சள் துணியா, ஆர்.டி.யா, ஏலச் சீட்டா?

பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடிக்குமேல் விமானம் தாழப் பறக்கும். வாலில் இருக்கும் எழுத்தை என் மகள் படித்துவிடுவாள். அதனாலேயோ என்னவோ, துணி காயப்போடப் போனால்கூட எங்கள் வீட்டில் எந்த ஊருக்குப் போகலாம் என்கிற பேச்சுதான். மனைவிக்கு சிங்கப்பூர், எனக்கு அந்தமான், அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் நல்லூர் கந்தசாமி கோயில்.

அந்தமானுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருமுன்பே, மே மூன்றாம் வாரவாக்கில் அங்கே இறங்கிவிடும். பள்ளி விடுமுறையில் போவதென்றால் மே முதல் பாதிக்குள் போய்த் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணம் விமானத்தில் கோயம்புத்தூர் போகிற நேரம்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், ஆனால் அது வருவது ஆடி, ஆவணியில். மகளுக்கு லீவு கிடையாது. சிங்கப்பூர் நாலு மணி நேரம். விசாவுக்கு ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. நாலு பேருக்கு நான் நோட்டில் போட்ட கணக்கு: அந்தமான் ஒன்றேகால் லட்சம், யாழ்ப்பாணம் ஒரு லட்சம், சிங்கப்பூர் இரண்டரை.

மாதம் 5,000 ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். (எங்கிருந்து என்றால், ஞாயிற்றுக்கிழமை செயலியில் வரவழைத்த பிரியாணியிலிருந்து பாதி, யாரும் பார்க்காத இரண்டு ஓடிடி சந்தாவிலிருந்து கொஞ்சம். மீதி, போனஸை எதிர்பார்த்து.) அதை எங்கே போடுவது?

முதலில் அம்மாவின் வழி. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்களே, அதுதான். எங்கள் வீட்டில் அது சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சள் வெளுத்து, முடிச்சு மட்டும் கல்லாக இறுகிப்போயிருக்கிறது. வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனால் கேஸ் சிலிண்டர் வந்து நின்றபோதும் அதிலிருந்து யாரும் ஒரு நோட்டு உருவியதில்லை. நான் தனியாகத் திறந்த சேமிப்புக் கணக்கோ, ‘டூர்’ என்று பெயர் வைத்தும், நாலாவது மாதமே இரண்டு சக்கர வண்டிக்கு டயர் வாங்கித் தந்துவிட்டது. யுபிஐ இணைத்த கணக்கில் சேர்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான்.

அடுத்தது வங்கி ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு. 20 மாதம் 5,000 போட்டால் அசல் ஒரு லட்சம். ஆறரை சதவீத வட்டி என்றால் சுமார் 5,800 ரூபாய் கூடக் கிடைக்கும். பெரிய தொகை இல்லைதான், சிங்கப்பூரில் நாலு பேர் இரண்டு நாள் சாப்பிடலாம். சம்பளம் வந்த மறுநாளே தானாகக் கழிவதுதான் இதன் பலம். உடைக்கலாம், வட்டி குறையும். ‘உடைக்கிறீர்களா?’ என்று செயலி ஒருமுறை கேட்கும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது.

அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. அதன்பிறகு இடையில் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 கட்டினால் 60 மாதத்தில் 71,366 ரூபாய். அடுத்த மே மாதப் பயணத்துக்கு இது ஆகாது. மகள் பத்தாவது முடிக்கும்போது எங்காவது போகலாம் என்றால் சரி.

இனி ஏலச் சீட்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா மாதாமாதம் பத்தாம் தேதி சாயங்காலம் நடத்துகிறார். 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. டீ வரும், முறுக்கு வரும், அப்புறம் ஏலம். சீட்டுப் பணத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவருக்கு, அதாவது ‘தள்ளுபவருக்கு’, அந்த மாதச் சீட்டு. அவசரக்காரர் ஒருவர் இரண்டாம் மாதமே 25,000 தள்ளி எடுத்தார். கையில் கிடைத்தது 75,000. தள்ளிய தொகையில் அக்காவின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 எல்லாருக்கும் ஆளுக்கு 1,000 வீதம் பிரிந்தது. அதனால் அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டியது 4,000. கடைசிவரை இருந்து எடுப்பவருக்கு 95,000 வரும். சராசரியாக மாதம் 600 கழிந்தால் அவர் கட்டியிருப்பது 88,000தான். லாபம் 7,000, ஆர்.டி.யைவிடக் கூடுதல்.

ஆக, கடைசியில் எடுத்தால் அது சேமிப்பு, முதலில் எடுத்தால் கடன். டூருக்காக இரண்டாம் மாதம் தள்ளி எடுப்பதும், ‘இப்போ பறங்க, அப்புறம் கட்டுங்க’ என்கிற மாதத் தவணைத் திட்டமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஊருக்குப் போய்வந்து ஒரு வருடம் கழித்தும் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது கொடுமை.

சீட்டில் இன்னொரு பலம், பத்தாம் தேதி அக்காவின் முகத்தைப் பார்த்து ‘இந்த மாசம் இல்லக்கா’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பலவீனமும் அதுவேதான்: எல்லாம் முகத்தை நம்பி நடக்கிறது. நான் பள்ளியில் படித்தபோது இதே தெருவில் சீட்டுப் பிடித்த ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், அப்பாவின் ஒன்பது மாதப் பணமும் போனது. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். 2019 திருத்தப்படி நடத்துபவர் 7 சதவீதம்வரைதான் கமிஷன் எடுக்கலாம். அக்காவிடம் பதிவு எண் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் என் பயணப் பணத்தை அங்கே போடவில்லை. கூடக் கிடைக்கும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை.

என் ஓட்டு வங்கி ஆர்.டி.க்கு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதிர்வுத் தேதி பயணத்துக்கு முந்தின மாதமாக இருக்கக்கூடாது. மே மாதம் போக ஜனவரியிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் ஜனவரி முதல் வாரத்தில் கைக்கு வருகிற மாதிரி மாதங்களை எண்ணிப் போட்டேன். 5,000 வீதம் 20 மாதத்தில் அந்தமான் ஏறக்குறைய வந்துவிடும், குறைவதை போனஸ் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் என்றால் இன்னொரு மடங்கு காத்திருக்க வேண்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சிங்கப்பூர்லயும் வீரமாகாளியம்மன் கோயில் இருக்காமேடா,” என்றார். அந்த முடிச்சில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை.